அதிர்வுப்பதிவில் 'ஃபேஸ்': கட்டமா, அலைவகையா, வரவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலநடுக்கவியலில் வரும் 'ஃபேஸ்' (phase) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே இதுவரை முன்வைக்கப்பட்டவை கட்டம், அலைவகை. இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நிலாவுக்கும் மின்னோட்டத்துக்கும் அதே ஆங்கிலச் சொல் வழங்குவதால் வந்த வினை இது. அதிர்வுப்பதிவை, அதாவது நில அதிர்வைக் கருவி வரைந்த கோட்டை, படிப்பவர்கள் எதை அப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

1994 ஜூன் 9 அன்று பொலிவியாவின் அடியில் நேர்ந்த நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அளவு 8.2, ஆழம் ஏறத்தாழ 630 கி.மீ. அவ்வளவு ஆழத்தில் பிறக்கும் நடுக்கம் மேற்பரப்பு அலைகளைப் பெரிதாக எழுப்புவதில்லை. அதனால் பதிவில் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகத் தெரியும். தொலைவில் உள்ள நிலையத்துக்கு முதலில் வந்து சேர்வது நேரே வந்த பி அலை (பாறையை நெருக்கியும் விரித்தும் செல்லும் வேகமான அலை). சுமார் இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு துடிப்பு. அதுவும் பி அலையே. ஆனால் அது முதலில் மேலே ஏறி, தரைப்பரப்பில் பட்டுத் தெறித்து, மீண்டும் மூடகத்துக்குள் (புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள 'மேன்டில்' அடுக்கு) இறங்கிச் சுற்றி வந்தது. இதற்குச் சின்ன 'பி', பெரிய 'பி' என்று இரண்டெழுத்துப் பெயர் (pP). சின்ன எழுத்து மேலேறிய வழியைக் குறிக்கிறது. இரண்டு துடிப்புகளுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு நடுக்கத்தின் ஆழத்தைக் கணித்துவிடலாம். பத்து கி.மீ. ஆழத்து நடுக்கமென்றால் அந்த இடைவெளி சில நொடிதான். இரண்டாவது துடிப்பு முதலாவதற்குள்ளேயே புதைந்துபோகும்.

பதிவில் இப்படித் தனித்து வந்து சேரும் ஒவ்வொரு துடிப்பையும்தான் 'ஃபேஸ்' என்கிறார்கள். ஆக, அலை ஒரே வகை, ஃபேஸ் இரண்டு. 'அலைவகை' இங்கேயே அடிபடுகிறது. அதைவிடப் பொல்லாத சான்றும் உண்டு. நடுக்க மையத்திலிருந்து எஸ் அலையாக (பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் மெதுவான அலை) கீழ்நோக்கிக் கிளம்பி, மூடகத்துக்குள் 660 கி.மீ. ஆழத்தில் உள்ள எல்லையைத் தாண்டும்போது பி அலையாக மாறி, நேர் பி அலைக்குச் சற்றுப் பின்னால் வந்து சேரும் துடிப்பு அது. அந்த எல்லை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அளக்க இதையும் நம்பியிருக்கிறார்கள். பாதி வழி ஒன்றாகவும் மீதி வழி வேறாகவும் வந்ததை எந்த வகையில் சேர்ப்பது?

'கட்டம்' இன்னும் மோசம். முதல் கட்ட நடுக்கம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்கியது என்றே வாசகர் புரிந்துகொள்வார். நடந்ததோ ஒரே நடுக்கம். அதிலிருந்து பல வழிகளில் புறப்பட்டவை முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றன. தவிர, 410 கி.மீ. ஆழத்தில் ஆலிவின் கனிமம் வாட்ஸ்லேயைட்டாக மாறுவதைக் 'கட்டமாற்றம்' என்று எழுதுவோரும் உண்டு. மூடகத்தைப் பற்றிய ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் எழுதியவருக்கே தலை சுற்றும்.

என் பரிந்துரை: வரவு. நேர் பி வரவு. தரையில் தெறித்து வந்தது ஆழங்காட்டு வரவு. வழியில் வகை மாறியது மாறுவரவு. நடுவழியில் தரையின் அடிப்பக்கத்தில் தெறித்து வரும் இரட்டை எஸ் அலைக்கு முன்பாகவே, 410, 660 எல்லைகளின் அடிப்பக்கத்தில் தெறித்துக் குறுக்கு வழியில் வந்துவிடுபவை முன்வரவுகள். ஒரு சொல்லிலிருந்து இத்தனை கிளைகள் இழுக்காமல் கொள்ளாமல் வருவதே எனக்குப் போதுமான சான்று.

வரவு என்றதும் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருமே என்று ஐயா ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நல்வரவு என்று எழுதும்போது யாரும் செலவைத் தேடுவதில்லை, ஐயா.

'மேன்டில்' என்பதற்கு மூடகமா, கவசமா என்ற பழைய வழக்கை இதில் இழுக்க வேண்டாம். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். எனக்கே உறுத்துவது மாறுவரவு ஒன்றுதான். 'மாற்று வரவு' என்று தவறாகப் படிக்க இடமிருக்கிறது. 'உருமாறு வரவு' நீளமாக இருந்தாலும் தெளிவாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமானது யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.