ஆன் அரசிக்குப் பின் ஜெர்மானியர் ஏன்?

கேள்வி:
1714இல் பிரிட்டனின் ஆன் அரசி இறந்தபோது, அவருடைய தந்தையின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த தம்பி உயிருடன் இருக்க, ஜெர்மானிய நாடான ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜை வரவழைத்து முடிசூட்டியது ஏன்?

மறுமொழி 1:
மதமே காரணம்; அந்தத் தம்பி கத்தோலிக்கர். 1701ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் கத்தோலிக்கரை விலக்கி, முதலாம் ஜேம்ஸின் பேத்தி சோஃபியாவுக்கும் அவருடைய புராட்டஸ்டன்ட் வழியினருக்கும் உரிமை அளித்ததால், உறவில் நெருங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒதுக்கப்பட்டனர்.

மறுமொழி 2:
சோஃபியாவுக்குத்தான், பாவம், கொடுத்துவைக்கவில்லை. 83 வயதில் ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் உலவியபோது, மழைக்கு ஒதுங்க விரைந்தவர் சரிந்து விழுந்து இறந்தார். அது ஜூன் 8. ஆன் இறந்ததோ ஆகஸ்ட் 1. ஆகவேதான் மகன் ஜார்ஜ் அரசரானார்.

கேட்டவர்:
அப்படியானால் இன்றைய பிரிட்டிஷ் அரச குடும்பமான வின்ட்சர் வேறு வம்சமா?

மறுமொழி 1:
பெயரளவில் வேறு; ஆனால் முதலாம் ஜார்ஜின் வழியினரே. ஜெர்மனியுடன் போர் நடந்த 1917இல் ஐந்தாம் ஜார்ஜ், சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்ற ஜெர்மானியக் குடும்பப் பெயரை வின்ட்சர் என மாற்றினார்.