நுண்துளைச் சிலிக்கன்: பிபிஎஸ்ஸில் 2nL இறங்கிக்கொண்டே போகிறது, ஏன்?

பேராதனை_ஆய்வுகூடம்:
வணக்கம். போரன் செறிந்த பி வகை வேஃபர் (சிலிக்கன் தகடு), பொறிக்க 48% எச்.எஃப். (ஐதரோபுளோரிக் அமிலம்) 3 பங்குக்கு எதனோல் 1 பங்கு. துளைப்படலம் நன்றாகவே வருகிறது. தெறிப்பு நிறமாலையில் தலையீட்டு வரிகள் தெளிவு. அதன் பூரியர் உருமாற்ற உச்சியை வைத்து 2nL (n படலத்தின் முறிவுச் சுட்டி, L தடிப்பு) பார்க்கிறேன். பீஎச் 7.4 பிபிஎஸ் (பொசுபேற்றுத் தாங்கல் கரைசல்) விட்டதும், இலக்கு மூலக்கூறு சேர்க்காமலே 2nL இறங்குகிறது. பொறித்த கையோடு ஏப்டீஸ் (அமைன் கூட்டம் கொண்ட சிலேன்) பூசியும் நிற்கவில்லை.

நுவரெலியா_ஒளி:
தம்பி, அது உங்கள் மேற்பரப்பே கரைகிற சிக்னல். புதிதாகப் பொறித்த படலத்தில் இருப்பது சிலிக்கன்–ஐதரசன் பிணைப்பு. ஏப்டீஸ் பிடிக்க சிலிக்கன்–ஓஎச் வேண்டும். அதனால் முதலில் ஒட்சியேற்றுங்கள்: குழாய் உலையில், காற்றில், 600 பாகையில் 1 மணி நேரம். சிலிக்கனின் முறிவுச் சுட்டி 3.5 அளவு, ஒட்சைட்டினது 1.46 என்பதால் 2nL பெரிதாக விழும், பயப்பட வேண்டாம்.

பிறகு உலர் தொலுயீனில் 1% ஏப்டீஸ், 1 மணி நேரம். தொலுயீன், எதனோல் என்று கழுவி 110 பாகையில் அரை மணி சுடுங்கள். நம்ம பக்கம் மூடுபனி நாளில் போத்தலைத் திறந்துவைத்தால் ஏப்டீஸ் ஈரத்தோடு சேர்ந்து பல்லடுக்காகித் துளை வாயை அடைத்துவிடும். நைதரசனுக்குக் கீழ் எடுங்கள், தொலுயீனில் 3 அங்ஸ்ட்ரோம் மூலக்கூற்றுச் சல்லடை போடுங்கள். பூசியபின் 2nL கொஞ்சம் ஏறுவது சரி. வரிகளின் உயரமே சரிந்தால் அடைப்புத்தான்.

ஹட்டன்_வேஃபர்:
குறுகிய அளவீட்டுக்கு அது போதும். மணிக்கணக்கில் தாங்கல் கரைசலில் ஓட்டுவதென்றால் நான் ஒட்சைட்டை நம்பமாட்டேன், பீஎச் 7.4இல் அதுவும் மெல்லக் கரையும், அமைன் கூட்டம் அதை இன்னும் தூண்டும். சிலிக்கன்–காபன் பிணைப்புப் போடுங்கள். அன்டெசைலெனிக் அமிலத்தில் (நுனியில் இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பமிலம்) அரை மணி நைதரசன் குமிழவிட்டு, பொறித்த உடனே வேஃபரை இறக்கி, 120 பாகையில் 2 மணி நேரம். பிறகு எதனோலில் நன்றாகக் கழுவுங்கள்.

எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலை) 2100 cm⁻¹ அருகே உள்ள சிலிக்கன்–ஐதரசன் பட்டை குறைந்து, 1710இல் காபொனைல் எழவேண்டும். 2250இல் பட்டை தலைகாட்டினால் ஒட்சிசன் புகுந்திருக்கிறது. புரதம் கட்ட ஈடிசி, என்எச்எஸ் (அமிலத்தையும் அமைனையும் இணைக்க உதவும் வினைபொருள்கள்). எம்ஈஎஸ் தாங்கலில், பீஎச் 5.5 அளவில்.

இப்பரப்பு நீர் வெறுக்கும். நேரே பிபிஎஸ் விட்டால் துளைக்குள் காற்று நின்றுவிடும். முதலில் எதனோல், பிறகு மெல்ல நீருக்கு மாற்றுங்கள்.

பேராதனை_ஆய்வுகூடம்:
நன்றி அண்ணே. உலர்த்தும்போது படலம் வெடிப்பதற்கு?

ஹட்டன்_வேஃபர்:
நீரிலிருந்து நேரே உலர்த்தாதீர்கள், மேற்பரப்பு இழுவிசை கிழித்துவிடும். எதனோல், பிறகு ஹெக்சேன், பிறகு மெல்லிய நைதரசன் ஓட்டம். எச்.எஃப். வேலைக்கு டெஃப்லோன் கலம்தான், கண்ணாடி வேண்டாம். எச்.எஃப். தோலில் பட்டால் பூச கல்சியம் குளுக்கோனேற் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.