மருத்துவரின் பழைய சீட்டுக்கு மருந்து கொடுப்பது சேவையா, சட்ட மீறலா?

நெடுஞ்சாலை:
"சீட்டில்லாமல் மருந்து கொடுக்கும் கடைக்காரரே இந்நாட்டில் ஏழைகளின் மருத்துவர்" என்று மருந்துக் கடை நடத்தும் தணிகைமலை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. மூக்கு ஒழுகினால் அசித்ரோமைசின், வயிறு கலங்கினால் ஓஃப்லாக்சசின் என்று ஆன்டிபயாட்டிக்கை அள்ளிக் கொடுப்பது, காய்ச்சல் என்றால் பெயரோ காலாவதித் தேதியோ தெரியாத நான்கு உதிரி மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு 'செட்' என்று நீட்டுவது, இதுதானா அந்த மருத்துவம்? வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது என்பதும், தேவையின்றி விழுங்கும் ஒவ்வொரு அட்டையும் கிருமிகளைத்தான் மருந்துக்குப் பழக்கப்படுத்தும் என்பதும் இவருக்குத் தெரியாதா? பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதை யார் படிக்க வேண்டும் என்று நினைக்கிறார்?

தணிகைமலை:
நான் எழுதியதில் தமக்கு வசதியான வரியை மட்டும் வெட்டி எடுத்து வந்திருக்கிறார். நான் பேசியது ரத்த அழுத்தத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஒரே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, போன ஆண்டுச் சீட்டை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருக்கும் மூதாட்டியைப் பற்றி. அவர் கையில் சீட்டு இருக்கிறது. பழையது என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? நெடுஞ்சாலை இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

மருதம்:
அதற்கான பதில் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில், 65ஆம் விதியிலேயே இருக்கிறது. எழுதிய மருத்துவர் மறுமுறையும் கொடுக்கலாம் என்று சீட்டில் குறிப்பிட்டிருந்தாலன்றி, எச் அட்டவணை மருந்தை, அதாவது சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்தை, ஒரே சீட்டுக்கு இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது. கொடுக்கும்போது கடையின் பெயரையும் முகவரியையும் தேதியையும் மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே குறிக்க வேண்டும். அப்படிக் குறிக்கப்பட்ட ஒரு சீட்டைக்கூட என் நோயாளிகள் எவரும் திரும்பக் கொண்டுவந்ததில்லை.

தணிகைமலை:
மருத்துவர் அம்மா விதி எண்ணோடு வந்துவிட்டார், மகிழ்ச்சி. அதே விதி, மறுமுறை கொடுக்கலாம் என்று எழுதும் உரிமையை உங்கள் கையில்தானே கொடுத்திருக்கிறது? முப்பது நாளைக்கு மாத்திரை எழுதிவிட்டு, அதன் கீழேயே 'மூன்று மாதம் கழித்து வரவும்' என்று எழுதுகிறீர்கள். நடுவில் இருக்கும் அறுபது நாளைக்கு அந்த மூதாட்டி எதை விழுங்குவார் என்பதை எந்த விதியில் பார்ப்பது? நாங்கள் கொடுத்தால் குற்றவாளிகள், கொடுக்காமல் அவர் பக்கவாதத்தில் விழுந்தால் யாரும் குற்றவாளி இல்லை.

நெடுஞ்சாலை:
நான் கேட்டது ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி. இவர் மூதாட்டியை முன்னால் நிறுத்தி அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால் நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். உங்கள் கடையில் அந்தப் பதிவேடு இருக்கிறதா?

தணிகைமலை:
இருக்கிறது, ஆய்வாளர் கேட்டால் காட்டுவேன். உங்களுக்குக் காட்ட வேண்டிய கடமை எனக்கில்லை. நீங்கள் முதலில் முழங்கிய அசித்ரோமைசின், எச்1 அட்டவணையில் அறிவிக்கப்பட்ட அந்த 46 மருந்துகளில் ஒன்றே அல்ல. படித்துவிட்டு வாருங்கள். பழைய சீட்டைப் பற்றிய என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

நெடுஞ்சாலை:
அசித்ரோமைசின் எச்1 என்று நான் எங்கே எழுதினேன்? பதிவேடு வேண்டாம் என்றால் சீட்டும் வேண்டாம் என்று பொருளா?

வாய்க்கால்கரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பகுதியில் பல கடைகளில் சுவரில் தொங்கும் சான்றிதழ் ஒருவருடையது, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கை இன்னொருவருடையது. பதிவு பெற்ற மருந்தாளுநரே மருந்து வழங்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம் சொல்கிறது. சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் வேலை பார்ப்பவர்களைப் பற்றித் தணிகைமலை ஏன் பேசுவதில்லை?

தணிகைமலை:
நான் பி.ஃபார்ம் படித்தவன், என் சான்றிதழும் நானும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறோம். வாடகையைப் பற்றிப் பேசுவதென்றால், கிளினிக்கை ஒட்டியே கடை வைத்து, பக்கத்துக் கடைக்காரனால் படிக்க முடியாத கிறுக்கலில் எழுதி, அந்த ஒரே கடையில் மட்டும் கிடைக்கும் மருந்தை நோயாளியின் தலையில் கட்டும் மருத்துவர்களையும் பேசுவோமே! தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு, அதே மருந்து விதிகளின் கே அட்டவணை விற்பனை விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது என்பதை மருதம் மறந்தும் குறிப்பிட மாட்டார்.

மருதம்:
எல்லோருக்கும் மருந்து விற்கும் திறந்த கடை நடத்தாதவருக்குத்தான் அந்த விலக்கு. பாதி விதியைச் சொல்வது உங்களுக்குப் பழகிவிட்டது. 2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே இலவசமாக வருகிறது. அந்த ஏழை மூதாட்டி உங்கள் கடைக்கு ஏன் வர வேண்டும்? கேரளத்தில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதில்லை என்று கடைகளில் அறிவிப்பு வைக்கச் சொன்னார்கள். 2024இல் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில் திடீர்ச் சோதனைகளும் நடத்தினார்கள். அங்கே மட்டும் ஏழைகள் இல்லையா?

தணிகைமலை:
கேரளத்தைக் காட்டாமல் இவர்களுக்கு ஒரு விவாதம் முடியாது. கொரோனாவில் பாதிக் கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தபோது கடையைத் திறந்து வைத்திருந்தவர்கள் நாங்கள். மின்னஞ்சலில் வரும் சீட்டுக்கும் வீட்டுக்கே மருந்து கொடுத்தனுப்பலாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசே ஆணையிட்டது. அப்போது இந்த விதிப் புத்தகம் எங்கே போயிருந்தது?

மருதம்:
அந்த ஆணையையே முழுதாகப் படியுங்கள். நாட்பட்ட நோய்க்கு, எழுதிய முப்பது நாளுக்குள்ளும், திடீர் நோய்க்கு ஏழு நாளுக்குள்ளும் காட்டப்படும் சீட்டுக்கே மருந்து தரலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. போன ஆண்டுச் சீட்டு அதில் எங்கே இருக்கிறது?

தணிகைமலை:
அது வீட்டுக்கு அனுப்புவதற்கான ஆணை. கடை வாசலில் வந்து நிற்பவரைப் பற்றியது அல்ல.

வாய்க்கால்கரை:
வசதியென்றால் ஆணை செல்லும், வசதியில்லையென்றால் செல்லாது! என் சான்றிதழ்க் கேள்விக்கும் இதே கதிதான்.

தணிகைமலை:
வாய்க்கால்கரைக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை. மருதம் அவர்களுக்கு ஒன்று: நாளை காலை கடைக்கு வரும் முதல் சீட்டை, பெயர்களை மறைத்து இங்கே படமாகப் போடுகிறேன். அதில் எழுதியிருப்பது என்ன மருந்து, எத்தனை வேளை என்று படித்துச் சொல்லுங்கள். சட்டத்தைப் பிறகு பேசலாம்.

நெடுஞ்சாலை:
இப்போது கையெழுத்துக்குத் தாவிவிட்டார். ஆன்டிபயாட்டிக்கைத் தேவையின்றிக் கொடுப்பதைப் பற்றி இவர் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்கட்டும்.