பொலோன்யாவில் ஒரு முழு நாள்: வீணா, இல்லையா?

தனிவழி:
நவம்பர் முதல் வாரத்தில் இத்தாலியில் ஐந்து நாள் தனியாகச் சுற்றினேன். அதில் ஒரு முழு நாளைப் பொலோன்யாவுக்கே கொடுத்தேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதுவும் கையில் இல்லை. "ஒரு நாளை வீணாக்கிவிட்டாயே" என்று தெரிந்தவர்கள் பலரும் சொல்கிறார்கள். வீணாக்கவில்லை என்பது என் கட்சி.

காலையில் பியாட்சா மாஜோரே சதுக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். எதிரே சான் பெத்ரோனியோ ஆலயம். 1390இல் கட்டத் தொடங்கியது; முகப்பின் கீழ்ப்பகுதி சலவைக்கல், மேலே வெறும் செங்கல். இன்றுவரை முடிக்கவில்லை. உள்ளே தரையில் ஏறத்தாழ 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு ஓடுகிறது. 1655இல் வானியலறிஞர் கசீனி வகுத்தது. கூரையில் 27 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு துளை. அதன் வழியே விழும் வெயில், உச்சிப்பொழுதில் அந்தக் கோட்டைக் கடக்கும். நவம்பர் தொடக்கத்தில் அது பன்னிரண்டு மணியை ஒட்டி நிகழ்கிறது. அரை மணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு முழத்துக்கு மேல் நீண்டிருந்த வெளிச்சம், கண்முன்னே ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டு, தாண்டிப் போனது.

வைகறை:
நண்பரே, உங்கள் கட்சியை என்னால் ஏற்க முடியவில்லை. ஐரோப்பாவுக்குள் நுழைய வாங்கும் ஷெங்கன் விசாவுக்கே 90 யூரோ. விமானக் கட்டணம் தனி. என் முதல் ஐரோப்பியப் பயணத்துக்கு நான் நான்கு வருடம் பணம் சேர்த்தேன். பொலோன்யாவிலிருந்து புளோரன்ஸ் அதிவேக ரயிலில் 40 நிமிடம். ரவென்னா என்ற ஊருக்கும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்கே எட்டுக் கட்டடங்கள் உலக மரபுச் சின்னங்கள். சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த, 1,500 ஆண்டுப் பழமையான மொசைக் ஓவியங்கள். அங்கே ரோமப் பேரரசி காலா பிளாசிதியாவின் பெயரால் வழங்கும் கல்லறை மாடத்தின் கருநீலக் கூரைக்குக் கீழே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்க, எப்படி உட்கார்ந்து காப்பி குடிக்க மனம் வந்தது? நீங்கள் சொல்லும் ஆலயத்துக்குள் நானும் போனேன். பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

தனிவழி:
கோட்டின் மேல் வெயிலைப் பார்த்தீர்களா?

வைகறை:
இல்லை. நான் போனது மாலை நான்கு மணிக்கு.

தாமரைக்குளம்:
நான் ஐம்பதைத் தாண்டியவள். எப்போதும் தனியாகத்தான் போவேன். தம்பி தனிவழி நிதானமாகச் சுற்றியது சரி. பட்டியலே வேண்டாம் என்பது சரியல்ல. பொலோன்யாவின் 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தில் 498 படி ஏறலாம் என்று ஆசையாகப் போனேன். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தா கோபுரம் ஆபத்தான நிலையில் இருப்பதால் 2023 அக்டோபரிலேயே இரண்டையும் மூடிவிட்டார்கள். முன்னாலேயே விசாரித்திருந்தால் அந்த ஏமாற்றம் இருந்திருக்காது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பூரணம் வைத்த பாஸ்தாவில் இரண்டு வகை. தோர்த்தெல்லீனி என்றால் உள்ளே பன்றியிறைச்சி இருக்கும். தோர்த்தெல்லோனி என்றால் பொதுவாக ரிக்கோத்தா பாலாடைக்கட்டி. வெண்ணெயிலும் சேஜ் இலையிலும் புரட்டித் தருவார்கள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

தனிவழி:
கோபுரம் பற்றி அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வைகறைக்கு நான் சொல்ல வந்தது வேறு. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை இல்லை. தேவையும் படவில்லை. தெருவின் இரு பக்கமும் தூண் வைத்த நடைக்கூடங்கள். போர்த்திகோ என்கிறார்கள். நகரம் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர். அவற்றில் தேர்ந்தெடுத்த பகுதிகள் 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. பல்கலைக்கழகம் 1088இல் தோன்றிய ஊர் அது. மாணவர்களும் பிழைக்க வந்தவர்களும் பெருகியபோது வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி, கீழே தூண் கொடுத்தார்கள். 1288இல் புது வீடு கட்டுகிறவர் போர்த்திகோ வைத்தே ஆக வேண்டும் என்று நகரமே சட்டம் போட்டது. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. ஸ்த்ராதா மாஜோரே தெருவில் ஒரு வீட்டுக்கு முன்னால் பதின்மூன்றாம் நூற்றாண்டு மரத்தூண்கள் இன்னும் பாரம் தாங்குகின்றன. ஒரு தூணின் வெடிப்பில் என் விரல் நுழைந்தது. மழை விடும்வரை அங்கேயே நின்றேன். இதற்கு டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. ஓடுகிறவர்களுக்கு அது வெறும் நடைபாதை.

வைகறை:
நடைக்கூடத்தின் கதை எனக்குத் தெரியாது. எழுதியதற்கு நன்றி. ஆனாலும் முதன்முறை போகிறவருக்கு ரவென்னாவைத்தான் சொல்வேன். அதை விட்டுவிட்டு வந்தால் மனம் ஆறாது. உச்சிப்பொழுது விஷயம் தெரிந்திருந்தால் மட்டும் நான் புறப்படும் நேரத்தை மாற்றியிருப்பேன்.

தனிவழி:
ரவென்னாவை நான் மறுக்கவில்லை. அடுத்த முறை அதற்கும் ஒரு முழு நாள் கொடுப்பேன். அந்தக் கல்லறை மாடத்தில் எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது? காலையிலா, மாலையிலா?

வைகறை:
நான் நின்றது காலையில். வெளியிலிருந்து நுழைந்ததும் இருட்டாகத்தான் இருக்கும். சற்று நின்று கண் பழகிய பிறகுதான் நீலமும் தங்க நட்சத்திரங்களும் தெரியத் தொடங்கும்.