15 வெள்ளி டார்ச்சும் 240 வெள்ளி டார்ச்சும்

மலைநடையன் (ஜார்ஜ்டவுன்):

ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் என் தங்கையின் கணவரும் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறுகிறோம். ஜீப் பாதை, ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தார் போட்டதுதான் என்றாலும் முழங்காலைப் பதம் பார்க்கும் செங்குத்து. நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. ஆகவே பாதி மலை இருட்டிலேயே போய்விடும்.

பசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில், 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு டார்ச் வாங்கினேன். டார்ச்சின் தலையை முன்னால் இழுத்தால் ஒளி குவியும். பெட்டியில் 10,000 லூமன் என்று போட்டிருந்தது. லூமன் என்பது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு. மச்சான் 240 வெள்ளி கொடுத்து ஒன்று வாங்கி வந்தார். அதன் பெட்டியில் வெறும் 1,000 லூமன். "பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்துக்குப் பதினாறு மடங்கு காசா மச்சான்?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் பதில் சொல்லவில்லை.

கார் நிறுத்துமிடத்துச் சுவரில் இரண்டையும் அடித்துப் பார்த்தோம். என்னுடையதைக் குவித்தால் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் விழுந்தது. அது எல்.இ.டி. சில்லின் உருவமேதான். அதைச் சுற்றிலும் கும்மிருட்டு. மச்சானுடையதில் நடுவில் ஒரு வட்டமும் அதைச் சுற்றி மெல்லப் படரும் வெளிச்சமும் இருந்தன. ஆனால் கண்ணைக் கூசவைத்தது என்னுடையதுதான், அதில் எனக்குப் பெருமை.

நாற்பது நிமிடம் நடந்திருப்போம். காலணிக் கயிற்றைக் கட்ட உட்கார்ந்த மச்சான், பழக்கத்தில் தன் டார்ச்சை அணைத்தார். எனக்குப் பாதையே தெரியவில்லை. என் டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளங்கையளவு மஞ்சள் கறை போல ஏதோ ஒன்று தரையில் கிடந்தது, அவ்வளவுதான். வெளிச்சம் சிறுகச் சிறுகக் குறைந்ததால் கண் அதற்குப் பழகிவிட்டது. அதுவரை நான் நடந்தது அவருடைய வெளிச்சத்தில்!

காரணம் எளிது. என்னுடையதில் மூன்று டிரிபிள் ஏ பேட்டரிகளைச் சில்லோடு நேராக இணைத்திருக்கிறார்கள். பேட்டரியின் வோல்ட் இறங்க இறங்க ஒளியும் இறங்குகிறது. அவருடையதில் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது, அது மின்னோட்டத்தைச் சீராகப் பிடித்து வைக்கிறது. காசு அங்கேதான் போயிருக்கிறது.

ஆனாலும் அந்த 1,000 லூமனை ஆகா ஓகோ என்று புகழ மாட்டேன். முழு வெளிச்சத்தில் விட்டால் மூன்றே நிமிடத்தில் கை சுடுகிறது. பிறகு சூடு தாங்காமல் அதுவே தன்னைக் குறைத்துக்கொள்கிறது. வழி நெடுக அவர் வைத்திருந்தது 150 லூமன்தான். அது தாராளமாகப் போதும். பெட்டியில் உள்ள எண்களையும் விவரம் தெரிந்து படிக்கவேண்டும். 2009இல் வந்த எஃப்எல்1 என்ற டார்ச் தர அளவீட்டின்படி, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்து விழுக்காடாகச் சுருங்கும்வரை ஆகும் நேரம் 'எரியும் நேரம்' என்று கணக்காகிறது. 'தூரம் 200 மீட்டர்' என்றால் அந்த இடத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், பௌர்ணமி நிலவளவு. அங்கே பாம்பா வேரா என்று யார் சொல்லமுடியும்?

இரவுக்காவல் (பிறை):

அந்தப் பத்தாயிரம் லூமன் கதை பேட்டரியிலும் உண்டு. தொழிற்சாலையில் எங்களுக்குக் கொடுத்த டார்ச்சில் 18650 பேட்டரி இருந்தது. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம். மேலே 9,900 எம்ஏஎச் என்று, அதாவது எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று, அச்சிட்டிருந்தார்கள். இந்த அளவுப் பேட்டரியில் நல்ல நிறுவனங்களே 3,500ஐ ஒட்டித்தான் அடைக்கின்றன. சந்தேகம் வந்து கேண்டீன் தராசில் வைத்தேன். 31 கிராம். நல்லது பெரும்பாலும் 45 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மீதி இடத்தில் என்ன இருந்ததோ! ஒரு மணி நேரச் சுற்றுக்கே தாங்கவில்லை. லாரிக்கு அடியில் குனிந்து பார்க்கும் நேரத்தில் பொசுக்கென்று அணைந்தது. இப்போது சொந்தக் காசில் 110 வெள்ளிக்கு ஒன்று வைத்திருக்கிறேன். மழைக்கும் அஞ்சவில்லை.

தோட்டத்துப் பிள்ளை (ஆயர் ஈத்தாம்):

நான் எதிர்க்கட்சி. அம்மாவுக்கு 200 வெள்ளியில் வாங்கிக் கொடுத்தேன். ஒரு தட்டு தட்டினால் எரியும், அழுத்திப் பிடித்தால் கூடும், மூன்று தட்டினால் பளிச் பளிச்சென்று வெட்டும். மின்சாரம் போன இரவு அம்மா பதற்றத்தில் மூன்று முறை தட்டிவிட்டார். வீடெல்லாம் மின்னல்! டார்ச்சைத் தலையணைக்கு அடியில் புதைத்துவிட்டு மெழுகுவத்தியை ஏற்றியிருக்கிறார். மறுநாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கப் போனேன். "நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் ரப்பர் மரம் சீவினேன். அதற்கு எவனும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை" என்றார். இப்போது சாமி மேடைக்குப் பக்கத்தில் 12 வெள்ளி டார்ச் இருக்கிறது. ஒரே பொத்தான். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடாமல் இருக்க இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கிறேன்.

மலைநடையன் (ஜார்ஜ்டவுன்):

அம்மா சொன்னது நியாயம். என் 15 வெள்ளிக்காரனையும் நான் எறியவில்லை, புது பேட்டரி போட்டுப் பையின் ஓரத்தில் வைத்திருந்தேன். போன ஞாயிறு மச்சான் சார்ஜ் போட மறந்து வந்தார். பாதி வழியில் அவருடையது சிவப்புப் புள்ளி காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் எதுவும் சொல்லாமல் என்னுடையதை எடுத்து நீட்டினேன். வாங்கித் தட்டியவர், "பத்தாயிரம் லூமனா மச்சான்?" என்றார். மேலே போய்ச் சேர்ந்ததும் தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார்.