7 வருட பேங்க் வேலையை லா ஃபர்ம் ரெஸ்யூமில் எப்படிக் காட்டுவது?

கேள்வி கேட்டவர்:
வயது 34. தனியார் வங்கியில் 7 வருடம் கடன் வசூல் பிரிவில் இருந்தேன், அப்புறம் வேலையை விட்டு மூன்று வருட எல்.எல்.பி. முடித்து பார் கவுன்சிலில் என்ரோல்மென்டும் ஆகிவிட்டது. சென்னையில் பதினோரு ஃபர்முக்கு அனுப்பியதில் ஒரே இடத்தில் கூப்பிட்டார்கள், அங்கேயும் "பேங்க்ல இருந்தவருக்கு இங்க என்ன வேலை?" என்றதும் வாயடைத்துப் போனேன். ரெஸ்யூமில் அந்த 7 வருடம் கடைசியில் ஒரே வரி: "இலக்குகளை எட்டினேன்." அதையும் எடுத்துவிடலாமா?

டி.ஆர்.டி. வக்கீல்:
எடுத்தால் 7 வருடம் எங்கே போனது என்று கேட்பார்கள் சார். நான் டி.ஆர்.டி.யில், அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்தில், வாதாடுகிறேன். சர்ஃபேசி (வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வழிசெய்யும் சட்டம்) பக்கம் போனதுண்டா?

கேள்வி கேட்டவர்:
அதில் 13(2) பிரிவுப்படி கடனைக் கட்டச் சொல்லி அனுப்பும் நோட்டீஸுக்கு பாக்கி கணக்கு எடுத்துக் கொடுப்பேன், 60 நாள் கெடு முடியும் தேதியைக் குறித்து வைப்பேன், "ஆள் இல்லை" என்று திரும்பி வந்த தபால் உறைகளை ஃபைலில் சேர்ப்பேன். எல்லாம் கிளார்க் வேலைதானே?

டி.ஆர்.டி. வக்கீல்:
அதைத்தான் எழுதணும்! கடன் வாங்கியவர் வங்கியை எதிர்த்து 17-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்துக்கு வந்தால் நோட்டீஸே கிடைக்கவில்லை, என்.பி.ஏ. (வாராக்கடன்) ஆன தேதி தப்பு என்றுதான் ஆரம்பிப்பார், அப்போது அந்த உறைதான் எங்களைக் காப்பாற்றும். புது ஜூனியருக்கு 90 நாள் பாக்கி நின்றால் என்.பி.ஏ. என்ற கணக்கைப் புரியவைக்கவே எனக்கு ஒரு மாதம் போகிறது. அந்த இலக்கு வரியைத் தூக்கிவிட்டு, "வீட்டுக்கடன் கணக்குகளில் 13(2) நோட்டீஸுக்கான பாக்கி விவரம் தயாரித்தேன்" என்று போடுங்கள், தோராயமாக எத்தனை என்றும் சொல்லுங்கள். நோட்டீஸுக்குக் கடன்தாரர் அனுப்பும் ஆட்சேபணைக்கு 15 நாளில் வங்கி தரவேண்டிய பதிலை எழுதியிருந்தால் அதுவும். எழுதாததை மட்டும் போடாதீர்கள், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொருவர்:
கடன்தாரர் பெயர், கணக்கு எண் எதுவும் வரக்கூடாது. அந்த ஃபர்ம் உங்கள் பழைய வங்கிக்கு எதிராக ஆஜராகிறதா என்றும் பாருங்கள், நீங்கள் தொட்ட ஃபைல் அங்கே இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிரேட்மார்க் வேலை பார்க்கும் ஃபர்முக்கு இதே ரெஸ்யூம் வேண்டாம், அங்கே இரண்டு வரி போதும்.

மூன்றாமவர்:
ரெஸ்யூமே எதுக்கு சகோ? வங்கியின் கேஸ்களை நடத்தும் பேனல் வக்கீல் உங்களை நேரில் பார்த்தவர்தானே, அவர் ஆபீசுக்கே போங்கள்.

கேள்வி கேட்டவர்:
அட, அது தோன்றவே இல்லை. அஃபிடவிட் பேப்பரோடு மாதம் நாலு தடவை அவர் படியேறியிருக்கிறேன், "வசூல் தம்பி" என்றுதான் கூப்பிடுவார். திங்கட்கிழமை போகிறேன். ரெஸ்யூமை மாற்றி ராத்திரி இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் சார்.