முகப்பு அறைக் கணினியில் உள்ள ஃபோல்டரை இரண்டாங்கட்டில் திறக்க முடியவில்லை

வளவுவீடு (கேள்வி)

வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு. முகப்பை ஒட்டிய அறையில் விண்டோஸ் 11 ப்ரோ மேசைக் கணினியும் ஸ்கேனரும் இருக்கின்றன. இரண்டாங்கட்டில் விண்டோஸ் 10 மடிக்கணினி. பழைய பேரேடுகள், இசைகுடிமானங்கள் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடுகள்), பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஏ4 அளவில், 300 டிபிஐ, வண்ணத்தில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்கிறோம். ஸ்கேன் செய்வது முகப்பில், பெயர் வைத்து அடுக்குவது இரண்டாங்கட்டில். பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலை நிற்க வேண்டும்.

ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டர் முகப்பில் இருக்கிறது. அதன் வைஃபை வளவைத் (நடு முற்றப் பகுதியை) தாண்டாததால், 40 மீட்டர் கேபிள் இழுத்து இரண்டாங்கட்டில் இன்னொரு ரவுட்டரின் வேன் போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வரும் துளை) செருகியிருக்கிறது. இரண்டு பக்கமும் இன்டர்நெட் நன்றாக வருகிறது. மேசைக் கணினியின் ஐபி 192.168.1.5, மடிக்கணினியுடையது 192.168.0.102. மடிக்கணினியில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் மேசைக் கணினி தெரியவில்லை. ஐபியைத் தட்டினாலும் 80070035 என்று முடியும் பிழை வருகிறது. எஸ்எம்பி 1-ஐ (விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறையின் பழைய பதிப்பு) ஆன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பள்ளத்தூர்_நெட்வொர்க்

எஸ்எம்பி 1-ஐத் தொடவே வேண்டாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதில்லை. உங்கள் இரண்டு கணினிகளுமே எஸ்எம்பி 3.1.1 பேசும். எக்ஸ்பி காலத்துக் கணினி ஏதாவது வீட்டில் இருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். விண்டோஸ் 7-க்குக்கூட அது தேவையில்லை.

உங்களுக்கு இரண்டு கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, ஐபியின் மூன்றாவது எண்: ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0. வேன் போர்ட்டில் செருகியதால் இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கிவிட்டது. கணினிகள் ஒன்றையொன்று தேடும் அறிவிப்பு அந்தச் சுவரைத் தாண்டாது. அதனால் 'நெட்வொர்க்' பகுதியில் பெயர் தெரியாது.

ஆனால் கவனியுங்கள்: இந்த அமைப்பிலும் மடிக்கணினியிலிருந்து 192.168.1.5-ஐ ஐபி மூலம் எட்ட முடிய வேண்டும். உள்ளிருந்து வெளியே போகும் பாதை திறந்துதான் இருக்கும், வெளியிலிருந்து உள்ளே புதிதாக நுழையும் பாதைதான் அடைப்பு. ஐபி கொடுத்தும் 80070035 வருகிறது என்றால், பெரும்பாலும் மேசைக் கணினியின் ஃபயர்வால் 445-ஆம் போர்ட்டை (கோப்புப் பகிர்வு நடக்கும் வாசல்) மூடி வைத்திருக்கிறது. நெட்வொர்க் 'பப்ளிக்' என்று பதிவாகியிருக்கும். அது இரண்டாவது கோளாறு.

ரவுட்டரை முதலில் சரிசெய்யுங்கள். மடிக்கணினியைக் கேபிளில் இரண்டாவது ரவுட்டரோடு இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் அதன் லேன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி ஒதுக்கும் வசதி) அணைத்து, பிறகுதான் முகப்பிலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டிலிருந்து பிடுங்கி லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளைச் செருகும் துளை) செருக வேண்டும். வரிசை மாறினால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஹெச்சிபி ஓடி, வீட்டில் பாதிக் கருவிகளுக்கு இன்டர்நெட் போய்விடும். முகப்பு ரவுட்டரின் டிஹெச்சிபி 192.168.1.20-லிருந்து ஆரம்பிக்கும்படி வையுங்கள், 1.2 வேறு எதற்கும் போகாது. மேசைக் கணினிக்கு அங்கேயே ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். மடிக்கணினி 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கக் கூடாது. அதில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடமாட்டார்கள்.

தேவகோட்டை_சிஸ்டம்ஸ்

மேலே சொன்னதை முடித்தபின் கணினிப் பக்கம் வாருங்கள்.

மேசைக் கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். பிறகு அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் போய், பிரைவேட் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்'கை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அணைக்காதீர்கள். விண்டோஸ் 11 ப்ரோ 24ஹெச்2-விலிருந்து கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவையே ஏற்காது, எஸ்எம்பி சைனிங்கும் (தகவல் வழியில் மாறவில்லை என்று சரிபார்க்கும் கையொப்பம்) கட்டாயம். கெஸ்டை நம்பி அமைத்தால் அடுத்த அப்டேட்டில் கவிழ்ந்துவிடும்.

ஆகவே ஷேரிங்குக்கென்று ஒரு லோக்கல் யூசர் வேண்டும். அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பின் நம்பர் போட்டு நுழைந்து பழகியிருப்பார்கள், அதே பின்னை நெட்வொர்க்கில் கேட்கும்போதும் போடுவார்கள். பின் அந்தக் கணினிக்குள் மட்டும்தான் செல்லும். கடவுச்சொல்லே இல்லாத யூசரும் நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் 'ஆட் அக்கவுண்ட்' அழுத்தி, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் ஒரு யூசரை உண்டாக்கிக் கடவுச்சொல் வையுங்கள். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

டி டிரைவில் ஸ்கேனுக்கு ஒரு ஃபோல்டர் போதும். முழு டிரைவையோ டெஸ்க்டாப்பையோ பகிர வேண்டாம். ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ்: 'எவ்ரிஒன்' பெயரை நீக்கிவிட்டு அந்த யூசரைச் சேர்த்து 'சேஞ்ச்' கொடுங்கள். இத்தோடு நிறுத்தினால் ஃபோல்டர் திறந்தாலும் கோப்பைப் பெயர் மாற்ற விடாமல் போகலாம். 'செக்யூரிட்டி' தாவலிலும் அதே யூசருக்கு 'மாடிஃபை' கொடுக்க வேண்டும். இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லுபடியாகும்.

மடிக்கணினியில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' போய், ஐபியையும் ஃபோல்டரின் ஷேர் பெயரையும் கொடுத்து, 'கனெக்ட் யூசிங் டிஃபரன்ட் கிரெடென்ஷியல்ஸ்' டிக் செய்யுங்கள். முதலில் தவறான யூசரில் ஒரு தடவை நுழைந்திருந்தால் 1219 என்ற பிழை வரும். ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களில் போக முடியாது என்று அர்த்தம். கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை அழித்து, சைன் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள்.

கடைசியாக, மேசைக் கணினி தூங்கினால் ஃபோல்டரும் போய்விடும். பவர் செட்டிங்கில் 'ஸ்லீப்' நெவர் என்று இருக்க வேண்டும். திரை மட்டும் அணையட்டும்.

வளவுவீடு

திறந்துவிட்டது, பெயர் மாற்றவும் முடிகிறது. மிக்க நன்றி. மடிக்கணினியைக் கேபிளில்தான் போட்டிருக்கிறோம், ஆனாலும் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை. இரண்டு கணினிகளிலும் கிகாபிட் போர்ட்தான். முகப்பு ரவுட்டரும் கிகாபிட் என்றே போட்டிருக்கிறது.

கேபிள்_காரைக்குடி

11 எம்பி என்றாலே வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் என்று அர்த்தம். உங்கள் ஒரு பக்க டிஃப் சுமார் 26 எம்பி வரும். ஆயிரம் பக்கத்துக்கு 26 ஜிபி. இந்த வேகத்தில் 40 நிமிடம், கிகாபிட்டில் ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுத்தால் 4 நிமிடம். சரிசெய்வது வீண் போகாது.

முதலில் இரண்டாவது ரவுட்டரைப் பாருங்கள். விலை குறைந்த பல ரவுட்டர்களில் லேன் போர்ட்டுகள் 100-தான். அப்படியானால் அதை வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் ஒரு 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் போட்டு மடிக்கணினியை அதில் செருகுங்கள்.

ரவுட்டர் சரி என்றால் சந்தேகம் கேபிள்மேல். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், இன்டர்நெட் வருவதால் யாருக்கும் தெரியாது. இரண்டு முனையிலும் ஆர்ஜே45-ஐ (கேபிள் முனையில் உள்ள பிளாஸ்டிக் செருகி) வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. வெட்டிய கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கிரிம்ப் செய்யும் இடத்தில் ஒடியும். முழுச் செம்பு கேட்6 வாங்கி மாற்றிவிடுவது நல்லது. தூரம் பிரச்சினை இல்லை, 100 மீட்டர் வரை போகும்.

மாற்றும்போது போகும் வழியையும் யோசியுங்கள். நம் வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், கேபிளும் அந்தக் கோட்டிலேயே போகலாம். ஆனால் நிலைப்படியில் கிடத்தாதீர்கள்; கனமான தேக்குக் கதவு இரவில் சாத்தும்போதெல்லாம் நசுக்கும். கேட்டால் ஜோடி விட்டுப் போவது அங்கேதான் என்பேன். நிலைக்கு மேலே காற்றுப்போக்கி இருந்தால் அதன் வழியாக விடுங்கள். முட்டை வெள்ளை கலந்து தேய்த்த சுண்ணாம்புச் சுவரைத் துளைத்தால் அந்தப் பளபளப்பை மறுபடி கொண்டுவருவது லேசில்லை. பங்காளிகளுக்குப் பொதுவான வீடு என்றால் ஆணி அடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கீறவே வேண்டாம்.

வளவில் வானம் பார்த்த இடத்தில் சாதாரண பிவிசி உறை வெயிலில் வெடித்துவிடும், கறுப்பு வெளிப்புறக் கேபிள் போடுங்கள். கரண்ட் வயரோடு ஒட்டி ஓடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். இடிமழையில் இரண்டு முனையில் உள்ள போர்ட்டுகளும் போகும் ஆபத்து உண்டு. புதிதாக இழுப்பதாக இருந்தால் வளவுப் பகுதிக்கு ஃபைபரும் இரண்டு கிகாபிட் மீடியா கன்வர்ட்டரும் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வைத்தால் அந்தக் கவலை இல்லை.

பள்ளத்தூர்_நெட்வொர்க்

பெயர் வைப்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். விண்டோஸில் தமிழ்ப் பெயர் 255 குறி (யுனிகோடு குறியீடு) வரை போகும். நாளைக்கு இதையே லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) நகல் எடுத்தால் அங்கே வரம்பு 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறி. 'இசைகுடிமானம்' என்ற ஏழெழுத்துக்கே 36 பைட் ஆகிறது. நீண்ட விவரத்தைக் கோப்புப் பெயரில் ஏற்றாமல் வருடம், எண், ஒரு சொல் என்று வைத்து, மீதியை ஒரு எக்செல் பட்டியலில் எழுதுங்கள். அந்த எக்செலை ஒரு கணினியில் திறந்திருக்கும்போது மற்றதில் படிக்க மட்டும்தான் திறக்கும்.

நாஸ் இல்லாவிட்டாலும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒரு நகல் இருக்கட்டும். பகிர்ந்த ஃபோல்டரில் இரண்டாங்கட்டிலிருந்து அழித்தால் முகப்பிலும் அழிந்துவிடும், ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.